ஈரலும் வெங்காயமும்: பாதிப் பேருக்கு உயிர், பாதிப் பேருக்கு ஏன் ஆகாது?

2024 ஒக்டோபர் 12, பண்டாரவளையிலிருந்து ஒரு கேள்வி

எங்கள் வீட்டில் ஈரல் சமைத்தால் இரண்டு கட்சி. அவரும் மாமாவும் ஈரலும் வெங்காயமும் பிரட்டினால் சட்டியை வழித்துச் சாப்பிடுவார்கள். எனக்கும் ஏழு வயது மகளுக்கும் அந்த வாசம் வந்தாலே தொண்டை அடைக்கிறது. மகளுக்கு இரத்தம் குறைவு, ஈரல் கொடுங்கள் என்று எல்லோரும் சொல்கிறார்கள். எங்கள் சமையலில் பிழையா, இல்லை நாக்கே அப்படித்தானா?

ஒக்டோபர் 12, இரவு

இரண்டும் உண்டு தங்கச்சி. முதலில் சமையலைப் பார்ப்போம், நாக்கை அப்புறம் பார்க்கலாம்.

நம் பக்கத்தில் ஈரல் பிரட்டல் எப்படி நடக்கிறது? வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலையை எண்ணெயில் போட்டு அரைகுறையாக வதக்குகிறோம். அதிலேயே ஈரல், உப்பு, கறித்தூள் எல்லாவற்றையும் கொட்டி, தண்ணீர் விட்டு மூடி, "இறைச்சிதானே, நல்லா வேகட்டும்" என்று அரை மணி நேரம் அடுப்பில் விட்டுவிடுகிறோம். தொடைக்கறிக்கு அது சரி. அதில் சவ்வும் நாரும் இருக்கிறது, நேரம் போகப் போக அது இளகும். ஈரலில் இளகுவதற்கு அப்படிப் பெரிதாக எதுவும் இல்லை. வெந்த பிறகு அடுப்பில் இருக்கும் ஒவ்வொரு நிமிடமும் அது தண்ணீரைக் கக்கி இறுகும். முதலில் இழுபடும், பிறகு வாயில் மாவு மாவாக உதிரும்.

வெங்காயம் இதற்கு நேர் எதிர். அதன் காரம் அடங்கி இனிப்பு வெளியே வர, சின்னத் தீயில் இருபது இருபத்தைந்து நிமிடமாவது வேண்டும். ஈரலுக்கு மூன்று நாலு நிமிடம் போதும். இரண்டையும் ஒரே நேரத்தில் ஒரே சட்டியில் போட்டால் ஒன்றில் வெங்காயம் பச்சையாக நிற்கும், இல்லாவிட்டால் ஈரல் கெட்டுப்போகும். பெரும்பாலான வீடுகளில் இரண்டும் சேர்ந்தே நடக்கிறது.

இன்னொன்று. நுவரெலியா நகரம் 1868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே தண்ணீர் 94 பாகை செல்சியஸுக்குக் கிட்டவே கொதித்துவிடும். பருப்பும் இறைச்சியும் வேக நேரம் பிடிக்கும். அதனால் மேட்டில் இருக்கிற நமக்கு எதையும் கொஞ்சம் கூடுதலாக வேகவிடுவது கைப்பழக்கமாகிவிட்டது. ஈரலுக்கு அந்தக் கணக்கே வேண்டாம். நடுவில் 71 பாகை ஏறினால் மாட்டு ஈரலும் ஆட்டு ஈரலும் வெந்தாயிற்று.

ஒக்டோபர் 13, காலை

செய்முறை கேட்டு மூன்று நாலு பேர் எழுதியிருக்கிறீர்கள். சரி, நான் செய்வதைச் சொல்கிறேன்.

கால் கிலோ ஆட்டு ஈரலுக்குப் பெரிய வெங்காயம் மூன்று. குறைக்காதீர்கள், வதங்கும்போது கைப்பிடியளவுக்கு வந்துவிடும். வெங்காயத்தை நீளவாக்கில் மெல்லிதாக அரிந்து, தேங்காய் எண்ணெயில் ஒரு சிட்டிகை உப்போடு சின்னத் தீயில் போடுங்கள். விறகடுப்பு என்றால் கொள்ளியை வெளியே இழுத்துவிட்டுத் தணலில் வையுங்கள். அவசரப்பட்டால் ஓரம் கருகும், நடு பச்சையாகவே இருக்கும். பொன்னிறம் தாண்டி இளம் மண்ணிறம் வந்ததும் வேறு கோப்பையில் எடுத்து வைத்துவிடுங்கள்.

அந்த நேரத்துக்குள் ஈரலைப் பார்க்கலாம். அதன் மேல் கண்ணாடி போல ஒரு மெல்லிய தோல் இருக்கும். ஓரத்தில் நகத்தால் கீறி, நனைத்த கட்டைவிரலை உள்ளே விட்டுத் தள்ளிக்கொண்டே போனால் அப்படியே உரிந்து வரும். சிலர் இதை விட்டுவிடுகிறார்கள். சூடு பட்டதும் அந்தத் தோல் சுருங்கி, துண்டையும் சேர்த்துச் சுருட்டிவிடும். கடிக்கும்போது பல்லில் இழுபடுவதும் அதுதான். வெட்டும்போது வெள்ளைக் குழாய்கள் வந்தால் கத்தி முனையால் நோண்டி எடுங்கள். எங்காவது பச்சைக் கறை தெரிந்தால் அது பித்தப்பை உடைந்து பட்ட இடம். கழுவிப் பயனில்லை, அந்தப் பகுதியையே வெட்டி எறியுங்கள். ஒரு துளி பித்தம் சட்டி முழுவதையும் கசப்பாக்கிவிடும்.

சுண்டுவிரல் தடிப்பில் துண்டுகள். பழைய சுத்தமான துணியில் போட்டு ஈரம் போக ஒற்றுங்கள். இந்த இடத்தில்தான் நிறையப் பேர் உப்புப் பிசைந்து வைக்கிறார்கள். உப்பு பட்டால் தண்ணீர் விடும். தண்ணீர் விட்டால் சட்டியில் பொரியாது, அவியும். உப்பு கடைசியில்தான்.

தாச்சி நன்றாகக் காய்ந்து எண்ணெய் லேசாகப் புகை விடும்போது துண்டுகளை ஒன்றோடொன்று படாமல் வையுங்கள். கிண்டவே கூடாது. ஒன்றரை நிமிடம். மேலே சின்னச் சின்ன இரத்தத் துளி அரும்பும்போது திருப்புங்கள். மறுபக்கமும் அவ்வளவுதான். இடித்த மிளகு, உப்பு, கறிவேப்பிலை, எடுத்து வைத்த வெங்காயம். இரண்டு புரட்டுப் புரட்டி அடுப்பை விட்டு இறக்கி, அரைத் தேசிக்காய் பிழியுங்கள். ஒரு துண்டை வெட்டிப் பாருங்கள். நடுவில் இளம் ரோசா நிறம் இருக்கலாம், சிவப்புச் சாறு வரக்கூடாது.

ரொட்டியோடு சாப்பிடுங்கள். சோற்றுக்கு இது கொஞ்சம் வறட்சி.

ஒக்டோபர் 13, மாலை

பாலில் ஊறப்போடுவது பற்றி: முற்றின மாட்டு ஈரலுக்கு அரை மணி நேரம் ஊறவிட்டால் கடுமை ஓரளவு குறையும். ஆட்டு ஈரலுக்கும் கோழி ஈரலுக்கும் தேவையில்லை. பால்மா விற்கிற விலையில் அதைக் கரைத்து ஊற்றி வீணாக்கவும் வேண்டாம்.

"ஈரலில் நஞ்செல்லாம் தேங்கி நிற்கும், பால் அதை இழுத்துவிடும்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அப்படி இல்லை. ஈரல் நஞ்சை மாற்றி வெளியே அனுப்புகிற உறுப்பு. அது சேமித்து வைப்பது இரும்பு, செம்பு, விற்றமின் ஏ, பி12, அப்புறம் கொஞ்சம் மாச்சத்து. நல்ல ஈரலில் ஓர் இனிப்பு தெரியுமே, அந்த மாச்சத்தின் வேலைதான் அது.

ஒக்டோபர் 14

இது வெள்ளைக்காரன் சாப்பாடு, நமக்கு எதற்கு என்று மாத்தளை அண்ணன் கேட்கிறார். அண்ணே, அவர்கள் செய்வது வேறு. என் தாத்தா தேயிலைத் தோட்டத்து வெள்ளைக்காரத் துரையின் பங்களாக் குசினியில் கோக்கியாக, அதாவது சமையல்காரராக இருந்தவர். துரைக்கு அவர் செய்தது, ஈரலைக் கோதுமை மாவில் புரட்டி, பன்றிக் கொழுப்பில் பொரித்து, அந்தச் சட்டியிலேயே வெங்காயத்தை வதக்கி, மாவும் தண்ணீரும் விட்டுக் கெட்டியான கிரேவி வைப்பது. பக்கத்தில் மசித்த உருளைக்கிழங்கு. அந்த ஊர்களில் ஒரு காலத்தில் பள்ளிக்கூடச் சாப்பாட்டிலும் இது உண்டு. தடித்த துண்டு, அளவுக்கு மிஞ்சின வேக்காடு. அங்கேயும் ஒரு தலைமுறையே ஈரல் என்றால் முகம் சுளிக்கிறது என்றால் அதுதான் காரணம்.

இத்தாலியில் வெனிஸ் நகரத்துக்காரர்கள் இதையே தங்கள் ஊர்ச் சாப்பாடு என்று கொண்டாடுகிறார்கள். கன்று ஈரலை மிக மெல்லிதாக வெட்டி, வெள்ளை வெங்காயத்தைத் தனியாக நெடுநேரம் வதக்கி, கடைசி நிமிடத்தில் இரண்டையும் சேர்ப்பார்கள். கொஞ்சம் வினாகிரி அல்லது வைன். சோளமாக் களியோடு சாப்பிடுவார்கள். பொருள் ஒன்றுதான், வரிசைதான் வேறு.

நம் நாட்டிலும் ஈரல் டெவல் இருக்கிறது. பெரிய வெங்காயம், கறிமிளகாய், தக்காளி எல்லாம் பெரிய துண்டுகளாகப் பெருந்தீயில். அதில் வெங்காயம் நறுக்கென்று இருக்க வேண்டும், அது தனி ருசி. என் தாத்தா துரைக்குக் கிரேவி வைத்துவிட்டு வீட்டுக்கு வந்து மிளகும் கறிவேப்பிலையும் போட்டுத்தான் சாப்பிட்டார். இருவருக்கும் பொதுவாக இருந்தது வெங்காயம் ஒன்றுதான்.

ஒக்டோபர் 16

நாளை போயா, அதாவது பௌர்ணமி விடுமுறை, இறைச்சிக்கடை திறக்காது. வாங்குகிறவர்கள் இன்றே வாங்கி இன்றே சமைத்துவிடுங்கள். ஈரல் சீக்கிரம் பழுதாகிவிடும்.

பார்த்து வாங்குங்கள்: மேலே பளபளப்பு இருக்க வேண்டும், விரலால் அமுக்கினால் திரும்பி எழ வேண்டும். புளித்த வாசம் வந்தால் விட்டுவிடுங்கள். மாட்டு ஈரலை வெட்டிக் காட்டச் சொல்லுங்கள். உள்ளே குழாய்கள் தடித்துக் கத்தியில் கறகறவென்று பட்டால் அது புழுப் பிடித்த ஈரல், வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். நல்ல கடைக்காரர் அதை அவராகவே ஒதுக்கி வைத்திருப்பார்.

ஒக்டோபர் 18

முதல் நாள் எழுதியதை மறுபடி வாசித்தேன். வேக்காட்டை மட்டும் சொல்லி நிறுத்தியது போதாது. தங்கச்சி கேட்டது வாசத்தைப் பற்றி. அதற்கு வேறொரு காரணமும் உண்டு.

ஈரலில் இரும்பு நிறைய. அந்த இரும்பும் கொழுப்பும் காற்றும் சேரும்போது ஒரு வாசம் எழும். பழைய இரும்புச் சாவியைக் கையில் வைத்திருந்து மோந்தால் வருமே, அந்த வாசம். சமைத்தவுடன் அது குறைவு. ஆறி, இரவு முழுக்கக் கிடந்து, மறுநாள் சூடாக்கும்போது பல மடங்காகிவிடும். எந்த இறைச்சியிலும் இது உண்டு, ஈரலில் மிக அதிகம்.

இப்போது நம் தேயிலைத் தோட்டத்து நாளை யோசித்துப் பாருங்கள். அம்மா விடியற்காலையில் எழுந்து ரொட்டி சுட்டு, பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பி, பிள்ளை மடுவம் என்கிற காப்பகத்தில் சின்னதை விட்டுவிட்டு, ஏழரைக்குள் கொழுந்து பறிக்க மலைக்கு ஏறியாக வேண்டும். கறி என்றால் முந்தின நாள் இரவு வைத்ததுதான். அதைக் காலையில் சூடாக்கி, ரொட்டிக்குள் வைத்துச் சுற்றிக் கொண்டுபோய், தேயிலைச் செடிக்குப் பக்கத்தில் ஆறிப்போனதைச் சாப்பிட வேண்டும். மீன் கறியும் பருப்பும் சம்பலும் இதைத் தாங்கும். கருவாட்டுக் குழம்பு மறுநாள்தான் இன்னும் நன்றாக இருக்கும். ஈரல் தாங்காது.

என் அம்மாவுக்கு ஈரல் பிடிக்காது என்றுதான் வீட்டில் எல்லோரும் சொல்வார்கள். ஓய்வு பெற்ற பிறகு, சட்டியிலிருந்து இறக்கிய உடனே ஒரு துண்டை மிளகோடு கையில் கொடுத்தேன். மென்றுகொண்டே, "இது வேற மாதிரி இருக்கே" என்றார். அவர் அதுவரை சாப்பிட்டதெல்லாம் மறுநாள் ஈரல். சூடான ஈரலைச் சாப்பிடுகிற நேரம் அவருக்கு வேலைக்காலத்தில் கிடைக்கவே இல்லை.

ஆகவே தங்கச்சி, உங்கள் வீட்டில் அவரும் மாமாவும் எப்போது சாப்பிடுகிறார்கள், நீங்களும் மகளும் எப்போது சாப்பிடுகிறீர்கள் என்று கவனித்துச் சொல்லுங்கள்.

ஒக்டோபர் 19

ஒரு திருத்தம், நாவலப்பிட்டியிலிருந்து எழுதியவருக்கு. நடுவில் ரோசா நிறம் இருக்கலாம் என்று நான் சொன்னது ஆட்டுக்கும் மாட்டுக்கும். கோழி ஈரலுக்கு அது பொருந்தாது. கோழி ஈரலில் கிருமி உள்ளேயே இருக்கலாம், ஆகையால் 74 பாகை, உள்ளே சிவப்பும் ரோசாவும் இல்லாமல் முழுதாக வேக வேண்டும். துண்டு சிறியது என்பதால் ஐந்தாறு நிமிடத்தில் ஆகிவிடும். அதைத் தாண்டி விடாதீர்கள்.

ஒக்டோபர் 22

தங்கச்சி பதில் எழுதியிருக்கிறார்: ஆண்கள் இரவில் சூடாகச் சாப்பிடுகிறார்கள், எஞ்சியதுதான் மறுநாள் இவருக்கும் மகளின் பள்ளிக்கூடச் சாப்பாட்டுப் பெட்டிக்கும் போகிறதாம். நான் நினைத்தது அதுதான். இதைப் பற்றி இன்னும் எழுத வேண்டியிருக்கிறது, தீபாவளிக்கு முன்னால் எழுதுகிறேன்.

இன்றைக்கு மருந்து என்ற விசயம். ஈரலை வெறுக்கிறவர்களைக் கேட்டால் பாதிப் பேர் ஒரே கதையைத்தான் சொல்வார்கள். சின்ன வயதில், "இரத்தம் ஊறும், விழுங்கு" என்று மூக்கைப் பிடித்து ஊட்டியிருப்பார்கள். கசாயத்தோடும் விளக்கெண்ணெயோடும் சேர்ந்த ஞாபகம் அது. பிறகு எப்படிப் பிடிக்கும்?

மருந்து என்ற பேச்சு வெறும் பாட்டி வைத்தியமும் அல்ல. 1926 இல் அமெரிக்காவில் மைனொட், மர்பி என்ற இரண்டு மருத்துவர்கள், அதுவரை ஆளைக் கொன்றுகொண்டிருந்த ஒரு வகை இரத்தச்சோகை நோயாளிகளுக்குத் தினமும் ஏறத்தாழ கால் கிலோ ஈரல் கொடுத்துப் பிழைக்க வைத்தார்கள். அவர்களுக்கும், நாய்களில் ஈரலின் பலனை முன்பே காட்டிய விப்பிளுக்கும் 1934 இல் நோபல் பரிசு கிடைத்தது. ஈரலில் அந்த வேலையைச் செய்தது விற்றமின் பி12 என்பது 1948 இல் அதைப் பிரித்தெடுத்த பிறகே தெரிந்தது. நம் தோட்டங்களில் அதிகம் காண்பது இரும்புக் குறைவால் வரும் சோகை. அதற்கும் ஈரல் நல்லது. 100 கிராம் மாட்டு ஈரலில் ஏறத்தாழ 5 மில்லிகிராம் இரும்பு, கோழி ஈரலில் 9 வரை. விலையையும் பார்த்தால் கோழி ஈரல்தான் நமக்குக் கட்டும்.

ஆனால் இரண்டு விசயம் அவசியம் தெரிந்திருக்க வேண்டும்.

கர்ப்பிணித் தாய்மாருக்கு ஈரலை அள்ளிக் கொடுக்கக் கூடாது. மாட்டு ஈரல் 100 கிராமில் விற்றமின் ஏ ஏறத்தாழ 5000 மைக்ரோகிராம். பெரியவருக்கு ஒரு நாள் உச்ச அளவு 3000. மிஞ்சினால் வயிற்றுப் பிள்ளைக்கு ஆபத்து. இங்கிலாந்தில் கர்ப்ப காலத்தில் ஈரலைத் தவிர்க்கவே சொல்கிறார்கள். கிளினிக்கில் கொடுக்கும் இரும்பு மாத்திரையும் திரிபோஷாச் சத்துமாவும்தான் அவர்களுக்கு. சந்தேகம் இருந்தால் மருத்துவிச்சி அம்மாவிடம் கேளுங்கள்.

மற்றது தேத்தண்ணி. நாம் கொழுந்து பறிக்கிற இந்த இலையிலிருந்து இறங்கும் சாயம், சாப்பாட்டோடு குடித்தால் இரும்பு உடம்பில் சேர்வதைத் தடுக்கும். கீரை, பருப்பின் இரும்புக்கு இந்தத் தடை அதிகம், ஈரலின் இரும்பிலும் ஒரு பகுதிக்கு உண்டு. சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் குடியுங்கள். தேசிக்காய் பிழிவது நேர்மாறு, அது கீரை பருப்பு இரும்பு சேர உதவும். இதை மலையில் வேலை செய்கிற பெண்களிடம் யாராவது அக்கறையாக உட்கார்ந்து சொல்ல வேண்டும் என்று எனக்கு எப்போதும் தோன்றும்.

ஒக்டோபர் 23

கேட்டவர்களுக்கு: கீல்வாதம், யூரிக் அமிலம் உள்ளவர்கள் ஈரலை விட்டுவிடுவது நல்லது. கொலஸ்ட்ரோலும் இதில் அதிகம். பூரண சுகம் உள்ளவரும் கிழமைக்கு ஒரு தரத்துக்கு மேல் சாப்பிட வேண்டியதில்லை.

ஒக்டோபர் 27

வெங்காயம் இல்லாமல் செய்யலாமா? 2023 டிசம்பரில் இந்தியா வெங்காய ஏற்றுமதியைத் தடை செய்து, அடுத்த மே மாதம்தான் தடையை எடுத்தது. அந்த மாதங்களில் இங்கே பெரிய வெங்காயத்தின் விலை நினைவிருக்கும். தம்புள்ளை வெங்காயம் ஓகஸ்ட், செப்டெம்பர் பக்கம்தான் வரும். அந்தத் தட்டுப்பாட்டு மாதங்களில் நான் வெங்காயக் குடும்பத்து லீக்ஸ் போட்டுச் செய்தேன். நுவரெலியாப் பக்கம் தோட்டமே லீக்ஸ்தானே.

வெள்ளைத் தண்டை மட்டும் எடுத்து, இதழ் இதழாகப் பிரித்து மண்ணைக் கழுவ வேண்டும். உள்மடிப்பில் மண் நிற்கும், மேலோடு கழுவினால் பல்லில் கறகறக்கும். விரல் கனத்தில் அரிந்து சின்னத் தீயில் பத்துப் பன்னிரண்டு நிமிடம். வெங்காயத்தை விடச் சீக்கிரம் கருகும், பக்கத்திலேயே நில்லுங்கள். ருசி வெங்காயத்தை விட மென்மை, கோழி ஈரலுக்கு மிகப் பொருத்தம். ஈரல் வேண்டாம் என்கிறவர்களுக்கு முதலில் கொடுத்துப் பார்க்க நான் இதைத்தான் சொல்வேன். ஆட்டு ஈரலுக்கு மட்டும் வெங்காயமே வேண்டும், லீக்ஸ் அதற்கு ஈடு கொடுக்காது.

சின்ன வெங்காயம் போடலாமா என்று கேட்டவருக்கு: போடலாம், முழுசாக வதக்கினால் மிக நன்றாக இருக்கும். உரிக்க ஆள் வேண்டும்.

ஒக்டோபர் 30

நாளை தீபாவளி. தோட்டத்து வரிசை வீடுகளான எல்லா லயத்திலும் இன்று பங்கு ஆடு பற்றிய பேச்சாகத்தான் இருக்கும். ஆட்டிறைச்சி ஒரு கிலோவை ஒரு நாள் சம்பளத்தில் வாங்க முடியாத நிலையில், ஏழெட்டுக் குடும்பம் சேர்ந்து ஓர் ஆட்டை வாங்கி, வெட்டி, கூறு போட்டுப் பிரித்துக்கொள்வது நம் வழக்கம். தீபாவளி முற்பணம் கைக்கு வந்ததும் முதல் கணக்கே அதுதான். காலையில் இட்டலி, தோசையோடு ஆட்டுக்கறி. அந்த வாசம் லயத்தின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குப் போகும்.

ஓர் ஆட்டில் ஈரல் ஒன்றுதான், அரைக் கிலோ தேறினால் பெரிய விசயம். எட்டுக் கூறாகப் போட்டால் ஒவ்வொன்றிலும் இரண்டு துண்டு விழும். பெரும்பாலான இடங்களில் கூறுக்கு அது வருவதே இல்லை. ஆடு உரித்தவர்களும் வெட்டினவர்களும் அங்கேயே மூன்று கல் அடுப்புக் கூட்டி, வெங்காயமும் மிளகாயும் போட்டுப் பிரட்டி, போத்தலோடு முடித்துவிடுவார்கள். கைக்கூலி என்று ஒரு நியாயம் சொல்வார்கள். குளிரில் விடியும் முன்னே எழுந்து வேலை செய்தவர்கள், அவர்கள் சாப்பிடக் கூடாது என்று நான் சொல்லவில்லை. ஆனால் எல்லா வருடமும், எல்லாத் துண்டும் அங்கேயே முடிகிறதே, அதைச் சொல்கிறேன்.

வீட்டுக்கு இரண்டு துண்டு வந்தாலும் அது அப்பாவுக்கும் மகனுக்கும். "உனக்குத்தான் பிடிக்காதே" என்று அம்மாவிடம் சொல்லிவிடுவார்கள். அம்மாவும் ஆமாம் என்பார். இந்தத் தோட்டத்தில் கூடைக் கணக்குக் கொழுந்து பறிப்பது யார்? மாதந்தோறும் இரத்தம் இழப்பது யார்? பிள்ளை பெற்றுச் சில மாதங்களிலேயே மறுபடி மலை ஏறுவது யார்? இரத்தம் தேவைப்படுகிறவர் தட்டில் ஈரல் விழுவதே இல்லை. விழுந்தால் அது மறுநாள் ஆறிப்போன துண்டு. அதைத் தின்றுவிட்டு அவர் பிடிக்கவில்லை என்றால், அவர் நாக்கில் குறை என்கிறோம்.

2016 இல் எடுத்த நாடளாவிய சுகாதாரக் கணக்கெடுப்பில், ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாடு முழுவதும் 17.3 வீதம், பெருந்தோட்டத்தில் 31.7 வீதம். ஈரல் துண்டு கொடுத்தால் இது மாறிவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். சம்பளம், வீடு, தண்ணீர், கிளினிக் என்று அது பெரிய கணக்கு. ஆனால் அம்மாவின் இரத்தத்தில் தொடங்குகிற விசயத்தில், நம் கையில் இருக்கிற ஒரே தட்டையாவது சரியாகப் பரிமாறலாமே.

நாளைக்குக் கூறு போடும் இடத்தில் இருக்கிறவர்கள் இதை ஒரு வார்த்தை சொல்லிப் பாருங்கள். சண்டை வேண்டாம். "ஈரலையும் கூறில் போடுங்கண்ணே" என்றால் போதும்.

நவம்பர் 2

சொன்னவர்கள் எழுதியிருக்கிறார்கள். மஸ்கெலியாப் பக்கம் ஒருவர் கேட்டதும் தம்பிமார் சிரித்துவிட்டு, பாதியைக் கூறில் போட்டார்களாம். தலவாக்கலையிலிருந்து ஒரு தம்பி, கேட்டதற்குப் பேச்சு வாங்கியதாக எழுதுகிறார். அடுத்த வருடமும் கேளுங்கள் தம்பி.

எங்கள் வரிசையில் முழு ஈரலும் கூறுக்கு வந்தது. சுவரொட்டி என்கிற மண்ணீரலையும் தனியாக எடுத்து, பிள்ளை பெற்று வந்திருக்கிற பக்கத்து வீட்டுத் தங்கச்சிக்குக் கொடுத்தார்கள். அதைத் தணலில் வாட்டி மிளகு தூவி, சூட்டோடு சூடாக அவர் கையிலேயே கொடுத்துவிட்டு வந்தேன். அவருடைய மாமியார், மீதியை இரவுக்கு எடுத்து வைக்கலாம் என்றார். இப்பவே சாப்பிடட்டும் அம்மா, ஆறினால் வாசம் வந்துவிடும் என்றேன். சரி என்று விட்டுவிட்டார்.

நவம்பர் 9

பண்டாரவளைத் தங்கச்சி எழுதியிருக்கிறார். கோழி ஈரலும் லீக்ஸும், சட்டியிலிருந்து நேராக. அவருக்குப் பிடித்திருக்கிறது, இரண்டாம் தரமும் போட்டுச் சாப்பிட்டாராம். மகள் ஒரு துண்டைக் கடித்துவிட்டுத் துப்பிவிட்டாள். இப்போது என்ன செய்வது என்று கேட்கிறார்.

அவளை விட்டுவிடுங்கள். முதல் நாள் நாக்கை அப்புறம் பார்க்கலாம் என்றேனே, அது இதுதான். பெரியவர்களை விடப் பிள்ளைகளுக்குக் கசப்பு அதிகமாகத் தெரியும். சிலருக்குப் பிறவியிலேயே கசப்பு கூடுதலாகத் தெரியும். சூடாகக் கொடுத்தும் ஒருவருக்குப் பிடிக்கவில்லை என்றால் அது அவருடைய உண்மை. மூக்கைப் பிடித்து ஊட்டினால் இன்னும் முப்பது வருடம் வெறுப்பாள். கட்லட்டுக்குள் ஒளித்து வைக்கலாம் என்று இங்கே சிலர் சொன்னார்கள், எனக்கு அதில் உடன்பாடில்லை. கண்டுபிடித்துவிட்டால் ஈரலோடு கட்லட்டும் போகும், அம்மா மேல் உள்ள நம்பிக்கையும் போகும். உள்ளே ஈரல் இருக்கிறது என்று சொல்லிக் கொடுத்து, அவளாகச் சாப்பிட்டால் சாப்பிடட்டும்.

அவளுக்கு இரும்பு வேறு வழியிலும் வரும். நெத்தலி, முட்டை, பருப்பு, முருங்கைக் கீரை. சோற்றோடு தேசிக்காயோ, பிறகு ஒரு கொய்யாப்பழமோ. சாப்பாட்டோடு தேத்தண்ணி கொடுக்காதீர்கள். இரத்தம் எவ்வளவு குறைவு என்று சோதித்துப் பார்த்துக் கிளினிக்கில் பாணி மருந்து கொடுத்தால், அதைத் தவறாமல் கொடுங்கள். நாளைக்கு அவளே விரும்பிக் கேட்டாலும் ஈரலை அளவோடு வையுங்கள். ஏழு வயதுப் பிள்ளைக்கு விற்றமின் ஏ நாளொன்றுக்கு 900 மைக்ரோகிராம்தான் உச்சம். ஒரு சின்னத் துண்டு, கிழமைக்கு ஒரு தரம், அவ்வளவே.

அப்புறம் இன்னொரு விசயம். அடுத்த முறை ஈரல் சமைக்கும்போது உங்கள் தட்டில் முதலில் போட்டுக்கொள்ளுங்கள். மாமாவுக்கும் அவருக்கும் அடுத்த தாச்சியில் பொரிக்க மூன்று நிமிடம்தான் ஆகும்.